மகனின் ரத்தத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

காவிரி டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

அவருடைய மகனுக்கு ஐந்து வயது. எடை 17 கிலோ. ஐப்பசி மழையில் தொடங்கிய காய்ச்சல் ஐந்து வாரமாகியும் விடவில்லை. பகலெல்லாம் ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு மாலை ஆறு மணியானால் 103, 104 டிகிரி என்று ஏறும்; விடிந்தால் காய்ச்சல் வந்த சுவடே இருக்காது. காய்ச்சல் ஏறும்போது மார்பிலும் தொடையிலும் இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தோன்றி, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போவதற்குள் மறைந்துவிடும். டைபாய்டு என்று இரண்டு முறை வைத்தியம் நடந்தது. வீட்டில் நிலவேம்புக் கஷாயமும் நடந்தது. பிறகு, காலையில் எழுந்ததும் தரையில் கால் ஊன்ற மறுத்து அழத் தொடங்கினான். மணிக்கட்டும் முழங்காலும் வீங்கின. பெருநகர மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை வரை செய்து, ரத்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்திய பின், ‘சிஸ்டமிக் ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைடிஸ்’ என்று நோய்க்குப் பெயர் சொன்னார்கள்; மூட்டுகளோடு உடல் முழுவதையும் பாதிக்கும், குழந்தைகளுக்கு வரும் ஒருவகை மூட்டழற்சி இது.

நான்கு மாதமாகத் தினமும் ஸ்டீராய்டு, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். ஸ்டீராய்டைக் குறைக்கும்போதெல்லாம் காய்ச்சல் திரும்புவதால் டோசிலிசுமாப் ஊசி தொடங்கலாம் என்கிறார் மருத்துவர். அதோடு, ஆராய்ச்சிக்காக 5 மில்லி ரத்தம் கூடுதலாக எடுக்கச் சம்மதம் கேட்டு ஆங்கிலப் படிவம் ஒன்றைக் கொடுத்து, அடுத்த முறை கையெழுத்திட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். “நம் பிள்ளையைச் சோதனை எலி ஆக்குகிறார்கள்” என்கிறார் கணவர். “எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளை, அதை ஏற்றாமல் ஊசி எதற்கு” என்கிறார் மாமியார். அத்தை மகனை மணந்ததுதான் காரணமோ என்ற குற்ற உணர்ச்சி இவருக்கு. மறுத்தால் மருத்துவர் கோபித்துக்கொண்டு சிகிச்சையைக் கைவிட்டுவிடுவாரோ என்ற பயம் வேறு.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாக எழுதிய ஒரு வரியை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பள்ளியில் எடுத்த குழுப் படத்தில் உப்பிய முகத்தோடு நிற்கும் உங்கள் பிள்ளையை உங்களுக்கே அடையாளம் தெரியாமல் போக, அன்று முதல் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகவே பாதியாக உடைத்துக் கொடுத்து வருவதாகவும், பத்து நாள் ஆகிவிட்டதாகவும், மருத்துவரிடம் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். படிவத்துக்குப் பதில் சொல்ல நாள் இருக்கிறது, இதற்கு இல்லை. சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிடும் உடலில், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள், வெளியிலிருந்துதான் வருகிறதே என்று தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. மருந்தை வேகமாகக் குறைத்தாலோ திடீரென்று நிறுத்தினாலோ, சாதாரண வயிற்றுப்போக்கு அல்லது சளிக் காய்ச்சலின்போதுகூட உடல் தாக்குப்பிடிக்க முடியாமல் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்துவிடக்கூடும்.

ஆகவே, இதைப் படித்த அன்றே உங்கள் மருத்துவரை அழைத்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து என்று உள்ளது உள்ளபடி சொல்லிவிடுங்கள். இதற்கு மேலும் குறைக்க வேண்டாம்; எவ்வளவு கொடுப்பது என்பதை அவர் சொல்லட்டும். பிள்ளை துவண்டு கிடந்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, கடுமையாக வயிறு வலித்தாலோ அழைப்புக்குக் காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய், “நான்கு மாதமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிற குழந்தை” என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். திட்டு விழுமே என்று தயங்க வேண்டாம். மாத்திரையை ஒளித்துக் குறைத்த பெற்றோரை நான் மாதத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை; மருந்தை எழுதிக் கொடுத்த எங்களில் ஒருவர்கூட இந்த முகம் மருந்து குறையும்போது பழையபடி ஆகிவிடும் என்று உட்காரவைத்துச் சொல்லவில்லையே என்றுதான் வருத்தம் வந்திருக்கிறது.

எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வந்த நோயா?

இல்லை. உங்கள் மாமியார் நல்லெண்ணத்தில் சொன்னாலும், உண்மை அதற்கு நேர்மாறானது. இந்த நோயில் தடுப்பாற்றல் குறைவதில்லை, அடங்க மறுக்கிறது. இதிலும் இரண்டு வகை உண்டு. காவலாளி வீட்டுக்காரரையே திருடன் என்று பிடித்து அடிப்பது ஒரு வகை. லூபஸ் போன்ற தன்தடுப்பாற்றல் நோய்கள் அப்படிப்பட்டவை. திருடனே வராத தெருவில் காவலாளி விடிய விடிய விசில் ஊதி ஊரையே எழுப்பிவிடுவது மற்றொரு வகை; இதைத் தன்னழற்சி நோய் என்கிறோம். உங்கள் மகனின் நோய் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதனால்தான் அவனுக்கு எடுத்த ருமட்டாய்டு ஃபாக்டர், ஏ.என்.ஏ. சோதனைகள் இயல்பாக வந்தன. ‘வாத சோதனை எல்லாம் நெகட்டிவ், ஆகவே இது தவறான நோயறிதல்’ என்ற உங்கள் சந்தேகத்துக்கும் இதுவே பதில்: இந்த நோயில் அவை நெகட்டிவாக இருப்பதுதான் வழக்கம்.

இதை உறுதிசெய்யத் தனியான ரத்தச் சோதனை ஒன்று கிடையாது. மாலைதோறும் ஏறி இறங்கும் காய்ச்சல், அதோடு வந்து அதோடு போகும் தடிப்பு, மூட்டு வீக்கம் ஆகியவற்றை வைத்தும், மற்ற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கியும்தான் முடிவுக்கு வருகிறோம். தடிப்பு மறைவதற்குள் நீங்கள் கைப்பேசியில் எடுத்துவைத்த படங்களும், பள்ளி நோட்டில் மணிவாரியாகக் குறித்த காய்ச்சல் கணக்கும் எந்த ஆய்வகச் சீட்டுக்கும் குறைந்தவை அல்ல. லண்டனில் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் என்ற மருத்துவர் 1897இல் 22 குழந்தைகளைக் கூர்ந்து பார்த்துக் குழந்தைகளின் மூட்டழற்சியை விவரித்தபோது, அவரிடமிருந்தவையும் கண்ணும் குறிப்பேடும்தான். இந்த நோய் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

எதிர்ப்புச் சக்தியை ஏற்றும் என்று விற்கப்படும் பொடிகளையும் லேகியங்களையும் நிறுத்திவிடுங்கள். மெத்தோட்ரெக்சேட் கல்லீரலைக் கவனித்துக் கொடுக்க வேண்டிய மருந்து. கூட வேறென்ன போகிறது என்று தெரியாவிட்டால், கல்லீரல் சோதனை ஏறும்போது எதைக் குற்றம் சொல்வதென்று மருத்துவருக்குத் தெரியாது. மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய் மருந்தாயிற்றே என்றும் கேட்டிருக்கிறீர்கள். புற்றுநோய்க்குத் தரும் அளவில் மிகச் சிறு பங்குதான் இங்கே தருகிறோம், அதுவும் வாரம் ஒருமுறை. கிழமையை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். வார மருந்தைத் தவறுதலாகத் தினமும் கொடுத்துவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

ஊசி வேறு, ஆராய்ச்சி வேறு

உங்கள் கணவரின் கோபத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. டோசிலிசுமாப் உங்கள் மகன்மேல் நடத்தப்படும் பரிசோதனை அல்ல. கொரோனா இரண்டாம் அலையில் இந்த ஊசிக்காக மக்கள் ஊர் ஊராக அலைந்ததால், அதைக் கொரோனா மருந்து என்றே பலரும் நினைக்கிறார்கள். ஜப்பானில் அது இந்தக் குழந்தைகளுக்காக 2008இலேயே அனுமதி பெற்றது. 2012இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 112 குழந்தைகள் பங்கேற்றனர். 12 வாரங்கள் கழித்து, ஊசி பெற்றவர்களில் 85 சதவீதம் பேருக்குக் காய்ச்சல் நின்று மூட்டுகளும் தேறியிருந்தன. மருந்தில்லா ஊசி பெற்றவர்களில் அது 24 சதவீதம். ஸ்டீராய்டைக் குறைக்க வேண்டும் என்று மாத்திரையை உடைத்தீர்களே, அந்த நோக்கத்துக்கான நேர்வழி இந்த ஊசிதான்.

இந்த வகை மருந்துகளுக்கு வழி எப்படித் திறந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்; உங்கள் கையிலிருக்கும் படிவத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஸ்பெயினில் பிறந்த விர்ஜினியா பாஸ்குவால் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் குழந்தைகளின் லூபஸையும் உங்கள் மகனுக்கு வந்திருக்கும் நோயையும் ஆராய்ந்துவந்தார். அன்று பெரியவர்களின் முடக்குவாதத்தில் நன்றாக வேலை செய்த டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் இந்தக் குழந்தைகளில் பலருக்குப் போதிய பலன் தரவில்லை. ஏன் என்று தேடிய அவருடைய குழு, நோயுள்ள குழந்தைகளின் ரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கி, மிஞ்சிய தெளிந்த நீரை மட்டும் எடுத்து, ஆரோக்கியமானவர்களின் ரத்த அணுக்களோடு சேர்த்துவைத்தது. நோயே இல்லாத அந்த அணுக்கள் இன்டர்லூக்கின்-1 என்னும் அழற்சிப் புரதத்தைச் சுரக்கத் தொடங்கின. ஊரை எழுப்பிய விசில் எது என்று அப்போது தெரிந்தது.

இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் அனகின்ரா என்ற மருந்து, பெரியவர்களுக்காக ஏற்கெனவே கடையில் இருந்தது. எந்த மருந்துக்கும் அடங்காத ஒன்பது பேருக்கு அதைக் கொடுத்தார்கள். ஏழு பேருக்கு நோய் முழுவதும் தணிந்தது, மற்ற இருவருக்கு ஓரளவு. 2005இல் இது வெளியானது. ஒன்பது என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அதன் பின் வந்த பெரிய ஆய்வுகளும் அதே திசையையே காட்டின. அதே அழற்சியின் மற்றொரு கண்ணியான இன்டர்லூக்கின்-6ஐத் தடுப்பதுதான் உங்கள் மகனுக்குச் சொல்லப்பட்டிருக்கும் ஊசி. அனகின்ரா நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், இங்கே பெரும்பாலும் டோசிலிசுமாப்தான் கைகொடுக்கிறது.

டல்லாஸில் அந்தக் குழந்தைகளின் பெற்றோரிடமும் இப்படித்தான் ரத்தம் கேட்டிருப்பார்கள். அதற்காக நீங்கள் கடன்பட்டவர் என்றோ, கொடுத்தே ஆக வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை.

அந்த 5 மில்லியும் உங்கள் உரிமைகளும்

5 மில்லி என்பது ஒரு தேக்கரண்டி. 17 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஏறத்தாழ 1,300 மில்லி ரத்தம் இருக்கும். ஆகவே அளவைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதலாவது, மொழி. உங்களுக்குப் புரியாத ஆங்கிலப் படிவத்தைப் புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் கையில் திணித்து, ‘கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள்’ என்பது சம்மதம் பெறும் முறையே அல்ல. செய்தது என் துறையைச் சேர்ந்தவராகவே இருந்தாலும் அது தவறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதியும் வாய்விட்டு விளக்கியும், யோசிக்க நேரம் தந்துமே சம்மதம் பெற வேண்டும். தமிழ்ப் படிவம் கேளுங்கள். படிவத்தில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்க வேண்டும். ஆய்வு நடத்துபவரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை அங்கே கேட்கலாம்.

இரண்டாவது, மறுக்கும் உரிமை. சம்மதிக்காவிட்டாலும், சம்மதித்துவிட்டுப் பிறகு விலகினாலும், சிகிச்சையில் ஒரு குறையும் வைக்கக் கூடாது. இது மருத்துவர் காட்டும் பெருந்தன்மை அல்ல, அவருக்குள்ள கடமை. உங்கள் பயத்தை அவரிடமே சொல்லிப் பாருங்கள்: “கொடுக்காவிட்டால் ஊசி போடுவீர்கள்தானே?” என்று நேராகக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மூன்றாவதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய படிவ நகலில், மாதிரியை ‘எதிர்கால ஆராய்ச்சிகளுக்கும்’ பயன்படுத்தலாம் என்ற வரி இருக்கிறது. இதைத் தனியே ஏற்கவோ மறுக்கவோ உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். இந்த ஆய்வுக்கு மட்டும் சரி, சேமித்து வைக்க வேண்டாம் என்று சொல்லலாம். பெயர் நீக்கிக் குறியீட்டு எண்ணோடு வைப்பார்களா, மரபணுவைப் படிப்பார்களா, படித்துச் சிகிச்சைக்கு உதவும் ஏதாவது தெரிந்தால் உங்களிடம் சொல்வார்களா, மாதிரி வெளிநாட்டுக்குப் போகுமா என்பவற்றையும் கேளுங்கள். போவதாக இருந்தால் அதற்குத் தனி அனுமதியும் ஒப்பந்தமும் தேவை. ரத்தத்தை விற்றுவிடுவார்கள் என்று உங்கள் கணவர் அஞ்சுவதற்கான விடையும் அந்த ஆவணங்களில்தான் இருக்கும். மகனுக்கு 18 வயதாகும்போது மாதிரி இன்னும் பயன்பாட்டில் இருந்தால், அவனிடமே மீண்டும் சம்மதம் கேட்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் கிடைத்தால் நானாக இருந்தால் கொடுப்பேன். பதில் மழுப்பலாக இருந்தால் கொடுக்கமாட்டேன். பின்னாளில் ரத்த மாதிரி மட்டுமின்றி, புதிய மருந்தொன்றின் பரிசோதனையில் சேரச் சொல்லிக் கேட்டால் அது முற்றிலும் வேறு விஷயம். அதற்கு 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகள் பொருந்தும். பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சை, இழப்பீடு என்று அவற்றில் தனி ஏற்பாடுகள் உண்டு. இன்று அந்தக் கேள்வி எழவில்லை.

அத்தை மகனை மணந்ததாலா?

பெரும்பாலான குழந்தைகளில் இந்த நோய் பெற்றோரிடமிருந்து ஒற்றை மரபணு வழியாக வருவதில்லை. சொந்தத்தில் மணக்காதவர்களின் பிள்ளைகளுக்கும் வருகிறது. சொந்தத்தில் மணந்த எத்தனையோ வீடுகளில் வருவதில்லை. ஆனால் ‘தொடர்பே இல்லை’ என்று சொல்லி உங்களைத் தேற்றுவதும் நேர்மையாகாது. சவூதி அரேபியாவில், நெருங்கிய உறவில் மணந்த ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 13 நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்கள் அனைவருக்கும் எல்.ஏ.சி.சி.1 என்ற மரபணுவில் ஒரே மாற்றம் இருந்தது 2015இல் தெரியவந்தது. இது அரிது. இருந்தாலும், அடுத்த குழந்தையைப் பற்றி யோசிப்பதாக எழுதியிருப்பதால், மரபணுச் சோதனை தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்பது பயனுள்ளது. யாருக்கும் தெரிந்திராத ஒன்றுக்காக, வீட்டார் பார்த்துச் செய்துவைத்த திருமணத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. பள்ளிக்கு முன் போட்ட தடுப்பூசிதான் காரணமோ என்ற சந்தேகத்தையும் அப்படியே விட்டுவிடுங்கள். அது இந்த நோயைத் தந்தது என்பதற்குச் சான்று இல்லை.

ஊசி தொடங்கிய பின் வீட்டில் கவனிக்க வேண்டியவை

தொடங்குமுன் காசநோய்ச் சோதனை செய்வார்கள். உறவினர் யாருக்காவது டி.பி. இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மகனின் எடைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஒரு மணி நேரம் நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். செலவு பெரிது என்பதால் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

இந்த ஊசி உடலில் இருக்கும் வரை, ரத்தச் சோதனையில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு உயராது, தொற்று இருந்தாலும் உயராது. காய்ச்சலும் அடக்கமாகவே இருக்கலாம். ஊரில் வேறொரு மருத்துவர் சி.ஆர்.பி. இயல்பு என்பதை மட்டும் வைத்து ‘தொற்று இல்லை’ என்றால், ஊசி விவரத்தை எடுத்துச் சொல்லுங்கள். அதுபோல, தெருவிலோ வகுப்பிலோ யாருக்காவது அம்மை போட்டிருந்து, மகன் அவர்களோடு இருந்துவிட்டால், வேப்பிலை கட்டி வீட்டில் காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். சின்னம்மை, எம்.எம்.ஆர். போன்ற உயிர்த் தடுப்பூசிகளை அவர் சொல்லாமல் போடக் கூடாது. மற்றவற்றைத் தவறவிடவும் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. இந்த நோயுள்ளவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, மாக்ரோஃபேஜ் செயலூக்க நோய்க்குறி என்னும் அவசர நிலை வருகிறது. ஏறி இறங்கிய காய்ச்சல் இறங்காமலே நிற்கும், குழந்தை மந்தமாகும், பல் ஈறில் ரத்தம் கசியலாம், தோலில் கன்றிய புள்ளிகள் தெரியலாம். அப்போது எடுக்கும் சோதனையில், அழற்சியைக் காட்டும் மற்றோர் அளவான இ.எஸ்.ஆர். குறைந்திருக்கும். குறைந்துவிட்டதே என்று மகிழ்ந்துவிடக் கூடாத இடம் அது. காய்ச்சலோடு, ரத்தத்திலுள்ள ஃபெரிட்டின் என்னும் புரதம் மில்லிக்கு 684 நானோகிராமைத் தாண்டியிருந்து, தட்டணுக்கள் 1,81,000 அல்லது அதற்குக் கீழே இறங்குவது, கல்லீரல் நொதி ஏறுவது போன்ற மாற்றங்களில் குறைந்தது இரண்டு சேர்ந்திருந்தால் அந்த நிலை என்றே கருதி உடனே சிகிச்சை தொடங்குகிறோம். ஊசி போட்டிருந்தாலும் இது வரலாம். அப்போது காய்ச்சல்கூட அதிகம் தெரியாமல் போகலாம். ஒவ்வொரு சோதனைச் சீட்டையும் தேதிவாரியாக அதே நோட்டில் ஒட்டிவையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. காரணமில்லாத வறட்டு இருமலோ, விரல் நுனிகள் உருண்டு பருப்பதோ கண்ணில் பட்டால் சொல்லுங்கள். இந்த நோயில் சில குழந்தைகளுக்கு நுரையீரல் பாதிக்கப்படுவது அண்மை ஆண்டுகளில்தான் தெளிவாகத் தெரியவந்தது. ஏன் சிலருக்கு மட்டும் என்ற கேள்விக்கு முழு விடை இன்னும் இல்லை. அதைத் தேடுபவர்கள் கேட்பதும் இப்படிப்பட்ட 5 மில்லி ரத்தத்தைத்தான்.

நீங்கள் சம்மதிப்பதாக முடிவெடுத்தால் ஒரு வேண்டுகோள். ஆராய்ச்சிக்கென்று தனியாக ஒரு குத்து வேண்டாம். வழக்கமான சோதனைக்கு ஊசி போடும்போதே அதே ஊசியில் இன்னொரு குழாயையும் நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு பூசும் மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏழு வயது நிரம்பினால்தான் குழந்தையின் ஒப்புதலையும் கேட்க வேண்டும் என்கிறது நெறிமுறை, ஆனால் “இந்த ரெண்டாவது பாட்டில் யாருக்கும்மா?” என்று ஐந்து வயதிலும் கேட்பான். அவனைப்போலக் கால் வலிக்கிற வேறொரு பிள்ளைக்கு என்று சொல்லுங்கள்.